ஆவணிக் கொடி முதல் கார்த்திகை விளக்கு வரை: யாழ்ப்பாணத்தின் மாரிகாலம்

யாழ்ப்பாணத்தில் இலையுதிர்காலம் என்று ஒன்று இல்லை. இங்கே ஆண்டு கோடை, மாரி என்று இரண்டாகத்தான் பிரியும். ஐரோப்பாவிலும் கனடாவிலும் மரங்கள் சிவந்து இலை கொட்டும் மாதங்களில் குடாநாட்டில் காற்றுத் திரும்புகிறது, கிணறுகள் ஊறுகின்றன, வயல்கள் பச்சை பிடிக்கின்றன. கோயிலுக்கும் வீட்டுக்கும் உரிய திருவிழாக்களும் விரதங்களும் அதே மாதங்களில்தான் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன.

புலம்பெயர்ந்த உறவுகளில் பலர் பாடசாலை விடுமுறையைப் பார்த்து ஓகஸ்டில் ஊருக்கு வருகிறார்கள். நல்லூர்த் தேரைக் கும்பிட்டுவிட்டு, செப்டெம்பர் பிறக்கும்போது விமானம் ஏறிவிடுகிறார்கள். அதன் பிறகு வரும் வல்லிபுரத்துக் கடல் தீர்த்தத்தையும் சூரன் போரையும் கார்த்திகை விளக்கீட்டையும் அவர்களின் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் மட்டுமே காண்கிறார்கள். ஊரிலேயே இருந்தும் இடப்பெயர்விலும் முகாம்களிலும் வளர்ந்த தலைமுறைக்கும் இந்த நாட்காட்டியின் பல பக்கங்கள் கிடைக்காமலே போயின. பனம்பாத்தி போட வளவு வேண்டும். விளக்கு வைக்க வாசல் வேண்டும். காணி இல்லாதவர்களின் கையில் பஞ்சாங்கம் மட்டுமே மிஞ்சும்.

ஆவணி முதல் கார்த்திகை வரை குடாநாட்டில் எது எப்போது வருகிறது, எப்படிக் கணிக்கப்படுகிறது, எந்தத் திருநாளுக்குப் பக்கத்தில் எந்த நினைவு நாள் நிற்கிறது என்பதை மாதவாரியாகக் கீழே தந்திருக்கிறோம்.

காற்று சொல்லும் காலம்

யாழ்ப்பாணத்தின் நாட்காட்டியை எழுதுவது காற்று. வைகாசி தொடக்கம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகம் வறண்ட காற்று. புழுதியைக் கிளப்பும், மழை தராது. புரட்டாதி கழிய அது ஓய்ந்து, ஐப்பசியில் வடகிழக்கிலிருந்து வாடை தொடங்குகிறது. குடாநாட்டின் ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் விழுந்துவிடும்.

இந்த மழைக்கு இங்கே இருக்கும் மதிப்பு வேறு ஊர்களில் விளங்காது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் மட்டும் ஓடிக் கடனீரேரியில் விழும். குடிப்பதற்கும் தோட்டத்துக்கும் வேண்டிய நீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கும் நன்னீர்தான். கடல்நீருக்கு மேலே ஒரு படையாக அது நிற்கிறது. மாரி பொய்த்தால் அடுத்த கோடையில் கிணறு உவர்க்கும். குளங்களையும் கேணிகளையும் தூர்வாரி வைத்த பழைய தலைமுறை செய்தது இந்த மூன்று மாத மழையைப் பிடித்து வைக்கும் வேலை.

நெல்லும் இந்த மழையை நம்பியதே. ஆவணி, புரட்டாதியில் காய்ந்த நிலத்தை உழுது புழுதி விதைப்புச் செய்கிறார்கள். மழை விழுந்ததும் முளைக்கிறது. தை, மாசியில் அரிவி வெட்டு. தென்மராட்சியிலும் வலிகாமம் மேற்கிலும் வடமராட்சியிலும் மழை தொடங்கிய ஐப்பசியில் வயற்கரையால் போகிறவர்கள், சில வாரங்களுக்கு முன் கட்டாந்தரையாகக் கிடந்த இடம் பச்சையாகி நிற்பதைக் காணலாம். மொட்டைக்கறுப்பன் போன்ற ஊர் நெல்லினங்கள் இப்படி மானாவாரியாக வளர்ந்து பழகியவை.

கடலோரத்தில் கணக்கு நேர்மாறானது. வாடை தொடங்கினால் வடகரையில் கடல் கொந்தளிக்கும், சிறு படகுகள் கரையில் ஏறிவிடும். அந்த நாட்களில் ஆழம் குறைந்த கடனீரேரி கைகொடுக்கிறது. மழை வெள்ளம் கலக்கும்போது இறால் படும். கார்த்திகை தொடக்கம் பூநாரைகளும் மற்ற வலசைப் பறவைகளும் வந்து இறங்குகின்றன. மண்டைதீவு வீதியோரத்திலும் அராலிப் பக்கத்திலும் சுண்டிக்குளத்திலும் அவற்றைப் பார்க்கலாம். சுண்டிக்குளம் சரணாலயம் 2015இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஆவணி: நல்லூரும் சந்நிதியும்

நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மகோற்சவத்துக்கு ஆங்கில நாட்காட்டியில் நிலையான திகதி இல்லை. ஆடி அமாவாசையிலிருந்து எண்ணி ஆறாம் நாளில் கொடியேறும். 25 நாள் திருவிழா ஆவணி அமாவாசையன்று தீர்த்தத்தோடு நிறைவுறும். அதனால் திகதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2023இல் கொடியேற்றம் ஓகஸ்ட் 21, 2024இல் ஓகஸ்ட் 9, 2025இல் ஜூலை 29. விடுமுறைக்கு முன்கூட்டியே பயணச்சீட்டு எடுப்பவர்கள் முதலில் அந்த ஆண்டின் ஆடி அமாவாசையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பத்தாம் நாள் மஞ்சம், 23ஆம் நாள் சப்பறம், 24ஆம் நாள் தேர், 25ஆம் நாள் தீர்த்தம். அடுத்த நாள் பூங்காவனம். நேரம் தவறாமைக்குப் பெயர் பெற்ற கோயில் இது. சொன்ன மணிக்குச் சுவாமி வெளியே வரும். ஆண்கள் மேற்சட்டை இல்லாமல்தான் உள்ளே போகலாம். திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்பட்டு, மணல் பரப்பப்பட்டிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட வேண்டும். அர்ச்சனைச் சீட்டின் விலை ஒரு ரூபாய் என்பது ஊரெல்லாம் அறிந்த செய்தி.

வீதியில் ஆண்கள் பிரதட்டை செய்து உருள்வார்கள். பெண்கள் அவர்களுக்குப் பின்னால் அடியழித்து வருவார்கள். செடில் காவடியும் தூக்குக் காவடியும் அயற்கிராமங்களிலிருந்து பறையும் மேளமுமாக வந்து சேரும். வெளியே கச்சான் கடைகளும் தும்புமுட்டாசும் ஐஸ்கிறீமும். தண்ணீர்ப் பந்தல்களில் மோரும் சர்க்கரைத் தண்ணீரும். பிள்ளைகளுக்கு நல்லூர் என்றால் முதலில் இவைதான் ஞாபகத்துக்கு வரும்.

பழைய நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் 1621இல் இடித்தார்கள். இன்றைய கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734இல் எழுந்தது. இடையில் நூறாண்டுக்கு மேல் கோயில் இல்லாத நல்லூரும் இருந்திருக்கிறது. நம் காலத்தில் 2009 ஓகஸ்டில் நல்லூர்த் தேர் வீதிவலம் வந்தபோது, செட்டிகுளம் மெனிக்பாம் முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான வன்னி மக்கள் முட்கம்பிக்குள் இருந்தார்கள். அந்த ஆண்டின் தேரை இன்றும் பலர் தாம் காணாத தேராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

நல்லூருக்குக் கணக்கெடுக்கும் அதே ஆடி அமாவாசை, தந்தையை இழந்தவர்கள் கீரிமலையில் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செய்யும் நாளும் ஆகும். காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அந்த நாள் ஆண்டுதோறும் ஒரு கேள்வியோடு வருகிறது. தர்ப்பணம் கொடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். கொடுக்காவிட்டால் கடன் தீராது. பல தாய்மாரும் மனைவிமாரும் திதி செய்யாமல், அதே பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் நல்லூரிலும் சந்நிதியிலும் அர்ச்சனை செய்துவிட்டுப் போகிறார்கள்.

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியின் திருவிழாவும் ஆவணியில்தான். பூரணையில் தீர்த்தம். வேதாகம முறைப் பூசை இல்லாமல், கப்பூகர் வாயைத் துணியால் கட்டி மௌனமாகப் பூசை செய்யும் கோயில் இது. அன்னதானக் கந்தன் என்று பெயர். வருகிறவர்கள் பசியோடு திரும்பக்கூடாது என்பதை மடங்கள் இன்றும் காத்து வருகின்றன. சந்நிதியின் பெரிய தேர் 1986இல் இராணுவத்தால் எரிக்கப்பட்டது.

புரட்டாதி: பனம்பழம், கடல் தீர்த்தம், ஏடு தொடக்கல்

ஆவணிக் கடைசியிலும் புரட்டாதியிலும் வளவுகளில் பனம்பழம் விழும். விடியப் புறம் முதலில் எழும்புகிறவருக்கே பழம். பழத்தைப் பிசைந்து களி எடுத்து, வடித்து, சீனி சேர்த்துக் காறல் போகக் காய்ச்சி, மாவோடு குழைத்து எண்ணெயில் போட்டால் பனங்காய்ப் பணியாரம். களியைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் பினாட்டு. மழைக்கு முன் கிடைக்கும் கடைசி நல்ல வெயில் அதற்குத்தான்.

களி எடுத்த கொட்டைகளைச் சேர்த்துப் பாத்தி போடுவார்கள். மாரி மழையில் அவை முளைவிட்டு, தை, மாசியில் கிழங்கு கிண்டலாம். பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கிண்டிய கொட்டையைப் பிளந்தால் உள்ளே பூரான், அது பிள்ளைகளின் பங்கு. போர்க்காலத்தில் ஆயிரமாயிரம் பனைகள் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிக்கப்பட்டன. பனை வளர்ந்து பழம் தரப் பதினைந்து, இருபது ஆண்டுகள் வேண்டும். அன்று வெட்டிய தோப்புகளின் இடத்தில் மீள நட்ட மரங்கள் இப்போதுதான் பயன்தரும் வயதுக்கு வருகின்றன.

புரட்டாதிப் பூரணையை ஒட்டி வடமராட்சியில் வல்லிபுர ஆழ்வார் கோயிலின் கடல் தீர்த்தம். இங்கே மூலத்தானத்தில் வணங்கப்படுவது திருச்சக்கரம். தேர் முடிந்து, சுவாமி மணற் பிட்டிகளைக் கடந்து வங்கக் கடலுக்குத் தீர்த்தமாடப் போகும்போது ஊரே பின்னால் நடக்கும். பருத்தித்துறை, மணற்காடு, நாகர்கோவில் பக்கத்து மக்கள் முதல் நாளே வந்து மணலில் தங்குவது வழக்கம். அதே கரையைத்தான் 2004 டிசம்பர் 26 அன்று கடற்கோள் தாக்கியது. அதற்குப் பின் அந்தக் கடலில் இறங்கித் தீர்த்தமாடுவது வடமராட்சி கிழக்கு மக்களுக்கு முன்னைப்போல் எளிய காரியமாக இருக்கவில்லை.

பிறகு நவராத்திரி. பாடசாலை, வங்கி, கச்சேரி, தனியார் கல்வி நிலையம், வாகனம் திருத்தும் இடம் என்று ஒன்று விடாமல் சரஸ்வதி பூசை நடக்கும். சகலகலாவல்லி மாலை பாடி, அவலும் கடலையும் பகிர்வார்கள். விஜயதசமியன்று மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு ஏடு தொடக்கல். தட்டில் பரப்பிய அரிசியில் விரலைப் பிடித்து ‘அ’ எழுத வைப்பார்கள். அன்று மாலை கோயில்களில் மானம்பூத் திருவிழா, வாழை வெட்டு. தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலில் இந்த ஒன்பது நாளும் கூட்டம் நிறைந்திருக்கும். பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளை வளர்க்கும் இல்லத்தை நடத்துவதாலும் அறியப்பட்ட கோயில் அது.

இந்த மாதத்தில் இரண்டு நினைவுகள் நிற்கின்றன. 1987 செப்டெம்பர் 15 அன்று நல்லூர்க் கோயிலின் பக்கத்தில் ஐந்து கோரிக்கைகளை முன்வைத்துத் திலீபன் நீரும் அருந்தாமல் உண்ணாவிரதம் தொடங்கினார். 26ஆம் திகதி உயிர் பிரிந்தது. ஆண்டுதோறும் அந்தப் பன்னிரண்டு நாட்களும் நல்லூரில் நினைவுகூரப்படுகின்றன. 1995 செப்டெம்பர் 22 அன்று வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின் மீது விமானக் குண்டு வீசப்பட்டு மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். ஏடு தொடக்கும் மாதத்தில், அந்தப் பாடசாலை ஆண்டுதோறும் தன் பிள்ளைகளுக்கு அஞ்சலி செய்கிறது.

ஐப்பசி: மழை, தீபாவளி, சூரன் போர்

தீபாவளிக்கு முன்னர் 21 நாள் கேதாரகௌரி விரதம். ஐப்பசி அமாவாசையில் காப்புக் கட்டி முடியும். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இதைக் கடுமையாகப் பிடிப்பார்கள். விரதம் இருக்கும் வீட்டில் தீபாவளி மரக்கறிதான். மற்ற வீடுகளில் அயலவர் சேர்ந்து பங்கு போட்ட ஆட்டிறைச்சி. தமிழகத்தைப் போல வெடியும் ஆரவாரமும் இங்கே அதிகம் இல்லை. எண்ணெய் முழுக்கு, புதுச்சட்டை, கோயில், மத்தியானச் சாப்பாடு. பெரும்பாலும் வெளியே மழை.

யாழ்ப்பாணத்துக்குத் தீபாவளி இன்னொரு நினைவையும் கொண்டுவரும். 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாள். அன்று யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் நுழைந்த இந்திய இராணுவம், அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், தாதியர் உள்ளிட்ட ஊழியர்கள் 21 பேரோடு நோயாளர்களையும் சுட்டுக் கொன்றது. மொத்தம் அறுபதுக்கும் மேற்பட்டோர். வைத்தியசாலையில் ஆண்டுதோறும் அவர்களுக்கு விளக்கேற்றப்படுகிறது.

அமாவாசைக்கு மறுநாள் கந்தசட்டி தொடங்கும். ஆறு நாள் விரதம். சிலர் இளநீரும் பாலும் மட்டும், சிலர் மாலையில் ஒருவேளை பழம். ஆறாம் நாள் சூரன் போர். நல்லூர், சந்நிதி, மாவிட்டபுரம் தொடங்கிச் சிறு முருகன் கோயில்கள் வரை, மரத்தால் செய்த சூரனை இளைஞர் தோளில் தூக்கி ஆட்டி ஓட, சுவாமி எதிரே வரும். தலை மாறி மாறி வரும். மாமரமாகி, கடைசியில் சேவலும் மயிலும். மறுநாள் பாறணை, திருக்கல்யாணம்.

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலைப் பற்றிப் பேசும்போது இரண்டு விடயங்களைச் சொல்லாமல் விட முடியாது. 1968இல் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிடும் உரிமைக்காகப் போராடியது இந்தக் கோயில் வாசலில்தான். 2018இலும் தென்மராட்சியில் ஒரு கோயிலில், எல்லாச் சாதியாரும் வடம் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக மண் அள்ளும் இயந்திரத்தால் தேர் இழுத்ததாகச் செய்தி வந்தது. திருவிழா எல்லோருக்கும் உரியது என்று எழுதும்போது இதையும் எழுத வேண்டும். அடுத்தது, 1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறிய பின் மாவிட்டபுரமும் கீரிமலையும் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தன. காணிகள் கட்டம் கட்டமாகவே விடப்பட்டன. இன்னும் விடப்படாத காணிகள் உண்டு. தையிட்டியில் தங்கள் காணியில் விகாரை எழுந்ததை எதிர்த்து உரிமையாளர்கள் பூரணை நாட்களில் கூடுகிறார்கள். ஒரே பூரணையில் ஒரு கரையில் தீர்த்தமும் இன்னொரு கரையில் போராட்டமும் நடப்பது இன்றைய யாழ்ப்பாணம்.

ஒக்டோபர் 30 என்ற திகதியை இரண்டு சமூகங்கள் இரண்டு விதமாகச் சுமக்கின்றன. 1990இல் அந்த நாளில், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகம். சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துத் தமிழர் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தார்கள். தீபாவளி கழிந்து ஒரு வாரம். மழைநீரைக் குடையில் ஏந்திக் குடித்தபடி விடிய விடிய நின்ற இரவை அந்தத் தலைமுறை மறக்காது. சோனகத்தெருவில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கும் அப்படி ஒரு நாள் உண்டு என்பதை அதே நாளில் நினைப்பது நம் கடமை.

கார்த்திகை: விளக்கும் பூவும்

கார்த்திகை கடும் மழை மாதம். புயல்களும் பெரும்பாலும் இந்த மாதத்தில்தான். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியது. அந்த நாட்களில் வன்னியில் யுத்தத்துக்குள் இடம்பெயர்ந்திருந்தவர்களின் தறப்பாள் கொட்டில்களும் வெள்ளத்தில் மூழ்கின. 2024 நவம்பரிலும் பெங்கல் புயலை ஒட்டிய மழையால் யாழ்ப்பாணத்தில் பல்லாயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள்.

இந்த மழைக்குள்தான் விளக்கீடு. கார்த்திகை நட்சத்திரத்தன்று குமாராலய தீபம், பூரணையன்று சர்வாலய தீபம். கோயில்களில் சொக்கப்பானை கொளுத்துவார்கள். வீடுகளில் தடிகளில் வெள்ளைத் துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தம் செய்வார்கள். படலையடி, கிணற்றடி, மாட்டுக் கொட்டில், வேலி மூலை என்று வளவின் ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. வாசலில் சிட்டி விளக்குகளை வாழைக்குற்றியில் ஏற்றி வைப்பதும் உண்டு. அன்றிரவு எந்த வீட்டில் ஆட்கள் திரும்பி வந்திருக்கிறார்கள், எது இன்னும் பாழடைந்து கிடக்கிறது என்பது வீதியால் போகிறவருக்குத் தெரிந்துவிடும்.

நவம்பர் 27 மாவீரர் நாள். 1982இல் புலிகள் இயக்கத்தில் முதல் உயிரிழப்பு நிகழ்ந்த நாள் அது. 1989இலிருந்து ஆண்டுதோறும் கடைப்பிடிக்கப்படுகிறது. மாலை 6.05க்கு ஈகைச்சுடர். 2009க்குப் பின் சில ஆண்டுகள் பொதுவெளியில் விளக்கேற்ற முடியவில்லை. 2012இல் கார்த்திகை விளக்கீடும் நவம்பர் 27உம் ஒரே நாளில் வந்தன. அன்று யாழ் பல்கலைக்கழக விடுதிகளுக்குள் படையினர் புகுந்தனர். மறுநாள் எதிர்ப்புத் தெரிவித்த மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், சிலர் கைதாகி வெலிகந்தைக்கு அனுப்பப்பட்டார்கள். கடவுளுக்கு ஏற்றிய விளக்கா, பிள்ளைக்கு ஏற்றிய விளக்கா என்று வாசலில் நின்று விசாரித்த காலம் அது. கோப்பாய்த் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் 2011இல் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. உறவினர்கள் இன்று அதற்கு எதிர்ப்புறத்தில் நின்று விளக்கேற்றுகிறார்கள். எள்ளங்குளம், கொடிகாமம், சாட்டி ஆகிய இடங்களிலும் கூடுகிறார்கள்.

வேலிகளில் காந்தள் பூப்பதும் இந்த மாதத்தில். ஊரில் கார்த்திகைப் பூ என்றே சொல்வோம். சிவப்பும் மஞ்சளுமாக நெருப்புப் போல இருக்கும். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஓர் எச்சரிக்கை: இதன் கிழங்கு முதல் விதை வரை எல்லாமே நச்சு. வடமாகாண சபை இயங்கிய காலத்தில் கார்த்திகையை மரநடுகை மாதமாக அறிவித்தது. மண் ஈரமாக இருக்கும் இந்த மாதத்தில் நட்ட கன்று தண்ணீர் ஊற்றாமலே பிழைத்துக்கொள்ளும். இறந்தவர் பெயரில் ஒரு மரம் நடும் வழக்கம் அதன் பிறகு பல வீடுகளில் நிலைத்துவிட்டது.

கத்தோலிக்கருக்கும் நவம்பர் இறந்தோரின் மாதம். 2ஆம் திகதி சகல ஆன்மாக்களின் நாளையொட்டிக் குருநகர், பாசையூர், இளவாலைப் பக்கங்களில் சேமக்காலைகள் துப்புரவாக்கப்பட்டு மெழுகுதிரி ஏற்றப்படும். சைவ வீடுகளில் கார்த்திகைப் பூரணைக்கு மறுநாள் தொடங்கி 21 நாள் பிள்ளையார் கதை படிப்பு. அதைத் தொடர்ந்து மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கும் சேமக்கலமுமாக விடியப்புறம் வீதிவலம், நத்தார், தைப்பொங்கல். மழை ஓய்ந்த வாடையில் பட்டங்கள் ஏறும். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் பொங்கலன்று நடக்கும் பட்டப்போட்டிக்கான கட்டுமான வேலைகளைக் கார்த்திகையிலேயே தொடங்கிவிடுவார்கள்.

வருகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

திகதி பார்க்கும்போது: யாழ்ப்பாணத்தில் வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. சில ஆண்டுகளில் விரத நாள் ஒருநாள் வேறுபடும். எந்தக் கோயிலுக்குப் போகிறீர்களோ அந்தக் கோயில் எதைப் பின்பற்றுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயணம்: 1990 ஜூனில் நின்ற யாழ்தேவி, 2014 ஒக்டோபர் 13 முதல் மீண்டும் யாழ்ப்பாணம் வருகிறது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நாகபட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களிலேயே பருவமழை காரணமாக நின்று, 2024 ஓகஸ்ட் 16 அன்று மீண்டும் தொடங்கியது. வாடைக் காலத்தில் கப்பலை மட்டும் நம்பித் திட்டம் போட வேண்டாம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளும் கடல் கொந்தளித்தால் நிறுத்தப்படும். தீவுகளுக்குப் போவதானால் ஆவணி, புரட்டாதியில் போய்வாருங்கள்.

உடல்நலம்: மழையோடு டெங்கு வரும், கார்த்திகை கழிந்து உச்சம் பெறும். வெள்ளம் நின்ற வயலிலும் வாய்க்காலிலும் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் தொற்றலாம். காய்ச்சல் கண்டால் கைமருந்தோடு இருந்துவிடாமல் வைத்தியசாலைக்குப் போங்கள்.

நிலம்: முகமாலைப் பக்கத்தில் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலமாக நடக்கிறது. மழை வெள்ளம் மண்ணை அரித்து வெடிபொருட்களை இடம் மாற்றும். பனங்கொட்டை பொறுக்கவோ படம் எடுக்கவோ சிவப்பு அறிவிப்புப் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள்.

நினைவிடங்கள்: விளக்கேற்றும் தாய்மாரை முகம் தெரியப் படம் எடுத்து சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள். புலிகள் இயக்கம் இலங்கையில் தடைசெய்யப்பட்டது என்பதால், கொடி, இலச்சினை, பதிவுகள் தொடர்பாகக் கைதுகள் நடந்திருக்கின்றன. நீங்கள் விமானம் ஏறிப் போய்விடலாம். படத்தில் இருப்பவர் இங்கேதான் இருப்பார்.

ஓகஸ்டில் மட்டும்தான் லீவு கிடைக்கும் என்பவர்களும் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம், உங்கள் ஊரில் எந்த மாதத்தில் என்ன செய்தார்கள், எந்தக் கோயிலில் எந்தத் திருவிழா உங்கள் குடும்பத்தின் உபயம், பாத்தி எங்கே போட்டார்கள், விளக்கு எங்கெங்கே வைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். காணி உறுதி தொலைந்த இடங்களில், உபயக்காரர் பெயரும் கிணற்றடியும் வேலி மூலையும் ஊரவர் ஞாபகத்தில் இருந்ததால் எல்லை கண்டுபிடித்த குடும்பங்கள் உண்டு. அடுத்த முறை பிள்ளைகளோடு ஒரு ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வர வாய்த்தால், குடையும் கொசுவலையும் கொண்டு வாருங்கள். பந்தத்துக்குத் துணியும் எண்ணெயும் ஊரில் கிடைக்கும்.